பேட்ஜைப் பார்ப்பதா, வேரியன்ட்டைப் பார்ப்பதா? ஓர் எஸ்யூவி தேர்வின் நிகழ்வு ஆய்வு

ஐந்து பேர் கொண்ட குடும்பம். கணவன், மனைவி இருவருமே வண்டி ஓட்டுவார்கள். தோளுக்கு மேல் வளர்ந்துவிட்ட இரண்டு பிள்ளைகள். முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட, கணவரின் தாயார். பழைய செடான் வண்டியில் அவர் ஏறி இறங்கப் பட்ட பாடுதான் எஸ்யூவி என்ற பேச்சையே வீட்டில் கிளப்பியது. வாரத்துக்கு ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் நீண்ட பயணம் உண்டு. அதன் கடைசிப் பகுதி குண்டும் குழியுமான சாலை. வாங்கினால் பத்து ஆண்டு வைத்திருப்பது என்பதில் மட்டும் வீட்டில் சண்டை இல்லை.

வண்டி வாங்கும் முன் என்னிடம் வந்து பேசுகிறவர்களில் அவர்களும் ஒருவர். அவர்கள் பரிசீலித்த வண்டிகளின் பெயர்கள் இங்கே வேண்டாம். பெயரைச் சொன்னதும் வாசகர் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று சொன்னாலே விஷயம் விளங்கும்.

இரண்டு வண்டிகள், இரண்டு கட்சிகள்

கணவரின் கட்சி ஹைபிரிட். டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் செலுத்தும் கருவி) இல்லாத 2.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், இரண்டு மின் மோட்டார்கள், மூன்றையும் இணைக்கும் ஒரு பிளானட்டரி கியர் தொகுதி (நடுப் பல்சக்கரத்தைச் சுற்றிச் சிறு பல்சக்கரங்கள் சுழலும் அமைப்பு). இந்த அமைப்பில் கிளட்ச் இல்லை, ஆட்டோமேட்டிக் வண்டிகளில் அதன் வேலையைச் செய்யும் டார்க் கன்வெர்ட்டரும் இல்லை. தனி ஸ்டார்ட்டர் மோட்டாரும் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரும்கூடக் கிடையாது. அந்த வேலைகளை மின் மோட்டாரும் அதன் மின்னணுப் பகுதியுமே பார்த்துக்கொள்கின்றன. கெட்டுப்போகக்கூடிய பொருட்களின் எண்ணிக்கையே குறைவு. ஆனால் உட்புறம் முழுக்கக் கடினமான பிளாஸ்டிக். மேட்டில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் இன்ஜின் ஒரே குரலில் இரைந்துகொண்டே இருக்கும்.

மனைவியின் கட்சி ஒரு ஐரோப்பிய எஸ்யூவி. ஆறு சிலிண்டர் டர்போ, இன்ஜினுக்குக் கைகொடுக்கும் 48 வோல்ட் மின் துணை அமைப்பு, ஏர் சஸ்பென்ஷன், 21 அங்குல சக்கரங்கள், கூரை முழுக்கக் கண்ணாடி, மசாஜ் செய்யும் இருக்கைகள். டெஸ்ட் டிரைவ் முடிந்து இறங்கியவர் சொன்னார்: “பத்து வருஷம் தினமும் இது முகத்துலதான் முழிக்கப் போறோம். கதவைத் தொறக்கறப்பல்லாம் ஏன் வாங்கினோம்னு தோணினா, அதுவும் ஒரு ரிப்பேர்தானே?”

கணவரின் பதில்: “வழியில நின்னுபோச்சுன்னா அந்த மசாஜ் சீட்லயே உக்காந்து டோ வண்டிக்குக் காத்துக் கிடக்கலாம்.”

இரண்டு பேச்சிலும் உண்மை இருந்தது. மனைவியின் வாதத்தை ஆசை என்று ஒதுக்கிவிடுவது சுலபம். பல வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது. பிடிக்காத வண்டியைப் பத்து ஆண்டு வைத்திருக்க மாட்டார்கள், நான்காம் ஆண்டிலேயே விற்றுவிடுவார்கள். அப்போது நம்பகத்துக்காகச் செய்த தியாகம் எதற்கும் உதவாமல் போகும். அதனால் இரண்டு கட்சிகளையும் ஒரே தராசில் வைத்து இது எத்தனை பங்கு, அது எத்தனை பங்கு என்று கேட்பதைவிட, ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்ப்போம் என்று சொன்னேன்.

மதிப்பெண் எதை அளக்கிறது?

கணவர் கையில் தரவரிசைப் பட்டியல்கள் இருந்தன. அவற்றில் ஐரோப்பிய வண்டி ஒரு பட்டியலில் நடுவில், இன்னொன்றில் அடியில் இருந்தது. இதில் எது சரி என்றார். ஒவ்வொன்றும் வேறு வேறு விஷயத்தை அளக்கிறது என்பதுதான் பதில்.

அமெரிக்க ஆய்வு நிறுவனமான ஜே.டி. பவரின் தொடக்கத் தர ஆய்வு, வண்டி வாங்கிய முதல் 90 நாட்களின் அனுபவத்தைக் கேட்பது. அதே நிறுவனத்தின் நீடித்த நம்பக ஆய்வு மூன்று ஆண்டு பழைய வண்டிகளைப் பற்றியது. இரண்டிலும் 100 வண்டிகளுக்கு எத்தனை பிரச்சினை என்ற எண்தான் முடிவு. ப்ளூடூத் சரியாக இணையாததும் ஒரு பிரச்சினை, கியர்பாக்ஸ் போனதும் ஒரு பிரச்சினை. திரை, இணைப்பு, குரல் கட்டளை அடங்கிய இன்ஃபோடெயின்மென்ட் பகுதிதான் அந்த ஆய்வுகளில் ஆண்டுக்கு ஆண்டு அதிகப் புகார் வாங்குகிறது. ஆகவே ஒரு வண்டி அடியில் இருக்கிறது என்றால் அது வழியில் நிற்கும் என்று பொருள் கொள்ளக் கூடாது.

அமெரிக்க நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் வேறு மாதிரி. தன் உறுப்பினர்களிடம் கடந்த 12 மாதங்களில் வந்த பழுதுகளைக் கேட்டு, இன்ஜின், கியர்பாக்ஸ், மின் அமைப்பு என்று பகுதி பகுதியாகப் பிரித்து, பெரிய பழுதுக்குப் பெரிய எடை கொடுக்கிறது. எனக்கு இது பயனுள்ளதாகப் படுவது மொத்த மதிப்பெண்ணுக்காக அல்ல, அந்தப் பகுதிவாரிப் பிரிவுக்காகத்தான். ஜெர்மனியின் வாகனப் பரிசோதனை அமைப்பான டியூவின் அறிக்கையோ கட்டாயப் பரிசோதனையில் கண்ட குறைகளின் தொகுப்பு. பிரேக், விளக்கு, ஸ்டீயரிங் இணைப்புகள், எண்ணெய்க் கசிவு போன்றவைதான் அதில் அதிகம் பேசும். இன்ஜினுக்குள் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் செயின் நீண்டுகொண்டிருப்பதை அது சொல்லாது. நன்றாகப் பராமரிக்கிறவர்கள் அதிகம் வாங்கும் வண்டி அதில் தானாகவே மேலே வந்துவிடும்.

பத்து ஆண்டு வைத்திருக்கப் போகிறவருக்கு இவற்றில் எதுவுமே முழுப் பதில் தராது. மூன்றாம் ஆண்டு என்பது பல வண்டிகளுக்கு வாரண்டி முடிகிற காலம். ரப்பர் வெடிப்பதும், குளிரூட்டும் அமைப்பின் பிளாஸ்டிக் இணைப்புகள் நொறுங்குவதும், சீல்கள் கசிவதும் அதற்குப் பிறகுதான்.

இதை விளக்கிக்கொண்டிருந்தபோது கணவர் ஒரு குறுக்குவழி கேட்டார்: “சிம்பிளா டர்போ இல்லாத இன்ஜின், பேர் போன ஜப்பான் கம்பெனி, அவ்வளவுதானே?” அவ்வளவு இல்லை. 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவில் சுமார் 6 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. காடிலாக் எஸ்கலேட், ஷெவ்ரோலே டாஹோ போன்ற பெரிய எஸ்யூவிகளும் அதில் அடக்கம். இன்ஜினின் உள் பாகங்களான கிராங்க் ஷாஃப்ட், கனெக்டிங் ராட் ஆகியவற்றின் தயாரிப்புக் குறைகள் காரணம். அந்த 6.2 லிட்டர் வி8 இன்ஜினில் டர்போ கிடையாது. டொயோட்டா 2024இல் டண்ட்ரா பிக்கப்புகளையும் லெக்சஸ் எல்எக்ஸ் எஸ்யூவிகளையும் சேர்த்து சுமார் 1,02,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. உற்பத்தியின்போது கடைசல் துகள்கள் இன்ஜினுக்குள் தங்கிப்போனதுதான் அங்கே சிக்கல். இன்னும் பின்னே போனால், முதல் லெக்சஸ் ஆர்எக்ஸ் 300இல் இருந்த வி6 இன்ஜின் எண்ணெய்க் கசடு புகாருக்கு ஆளானது; 2002இல் டொயோட்டா அந்த இன்ஜின்களுக்கு எட்டு ஆண்டு வரை பாதுகாப்பை நீட்டிக்க வேண்டியிருந்தது. ஹோண்டாவின் 1.5 லிட்டர் டர்போவில், குளிர்ப் பகுதிகளில் குறுந்தூரம் மட்டும் ஓட்டியவர்களுக்கு இன்ஜின் ஆயிலில் பெட்ரோல் கலந்த சிக்கல் 2018இல் பெரிதாக வெளிவந்தது.

நிறுவனத்தின் பெயர் ஒரு நிகழ்தகவைத்தான் சொல்லும். வாங்கப் போவதோ குறிப்பிட்ட இன்ஜின், குறிப்பிட்ட கியர்பாக்ஸ், குறிப்பிட்ட ஆண்டு. புதிய தலைமுறை வந்த முதல் ஆண்டில் வாங்க வேண்டாம் என்ற பழைய அறிவுரைக்கு இன்னும் வயதாகவில்லை.

சொகுசு எங்கிருந்து வருகிறது?

இந்த நிகழ்வில் திருப்பம் ஏற்பட்டது இங்கேதான். ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

சொகுசு இரண்டு வகை. ஒன்று, இயங்கும் பொருளால் வருவது: ஏர் சஸ்பென்ஷன், மசாஜ் மோட்டார், திறக்கும் கண்ணாடிக் கூரை, தானே இழுத்து மூடிக்கொள்ளும் கதவு. இன்னொன்று, வடிவத்தாலும் பொருளாலும் வருவது: இருக்கையின் நீளம், டயரின் உயரம், கண்ணாடியின் தடிமன், கதவு ரப்பர், தரைக்கு அடியில் ஒட்டிய ஒலித்தடுப்பு. முதல் வகை கெட்டுப்போகும். இரண்டாவது வகையில் கெட்டுப்போக அநேகமாக எதுவுமில்லை. ஷோரூமில் விற்பனையாளர் காட்டுவது முதல் வகையை மட்டுமே. பொத்தானை அழுத்திக் காட்டலாம் அல்லவா? இருக்கையின் நுரை அடர்த்தியை எப்படி அழுத்திக் காட்டுவது?

ஏர் சஸ்பென்ஷனை எடுத்துக்கொள்வோம். எஃகுச் சுருளுக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பைகள். கூடவே கம்ப்ரெஸர், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் உலர்த்தி, வால்வுத் தொகுதி, ஒவ்வொரு மூலையிலும் உயர உணரி. நல்ல நிலையில் இருக்கும்போது இதற்கு இணை இல்லை. பாரம் ஏற்றினாலும் வண்டி சமமாக நிற்கும், நெடுஞ்சாலையில் தாழ்ந்துகொள்ளும், மோசமான பாதையில் உயரும். ஆனால் ரப்பருக்கு ஓடினாலும் வயதாகும், நின்றாலும் வயதாகும். மடிப்புகளில் மெல்லிய வெடிப்பு விழுந்து காற்று கசியத் தொடங்கும். அந்தக் கசிவை ஈடுகட்டக் கம்ப்ரெஸர் ஓயாமல் ஓடும். கடைசியில் அதுவும் எரிந்துபோகும். ஒரு பழுது இன்னொரு பழுதை வளர்க்கிற அமைப்பு இது. பழைய ரேஞ்ச் ரோவர்களில் காற்றுப் பைகளைக் கழற்றிவிட்டுச் சுருள் ஸ்பிரிங் போடுவதற்கென்றே தனிக் கருவித்தொகுப்புகள் விற்கின்றன என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

இந்தக் குடும்பத்துக்கு இன்னொரு சிக்கல். அந்த ஐரோப்பிய நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் அவர்கள் வீட்டிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில். சிறு எச்சரிக்கை விளக்கு எரிந்தாலும் ஒரு நாள் போய்விடும். நம்பகம் என்பதில் இந்தத் தூரமும் அடக்கம். எந்தத் தரவரிசையிலும் அது வராது.

ஆனால் ஏர் சஸ்பென்ஷனுக்குச் சாதகமாக ஒரு வலுவான வாதம் இருந்தது: பாட்டி. நிறுத்தியதும் வண்டி சில சென்டிமீட்டர் தாழ்ந்து கொடுக்கும், அவர் ஏறுவது எளிது. மருமகள் இதைத்தான் துருப்புச்சீட்டாக வைத்திருந்தார். “அத்தை, நீங்களே ஏறிப் பாருங்க” என்று அழைத்துப் போனார். ஏறிப் பார்த்தவர், “உக்காந்தா சுகமாத்தான் இருக்கும்மா. ஆனா இந்தப் படியைத் தாண்டி காலை உள்ள வைக்கறதுக்குள்ள முட்டி விண்ணுங்குது” என்றார்.

படி என்று அவர் சொன்னது கதவுக்கு அடியில் இருக்கும் அகலமான சட்டத்தை. ஏறி இறங்கும் வசதியை வண்டியின் உயரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. இருக்கை, நின்றிருக்கும் ஆளின் இடுப்புக்கு நேராக இருந்தால் ஏறவும் வேண்டாம், தாழவும் வேண்டாம். அப்படியே உட்கார்ந்து திரும்பிக்கொள்ளலாம். அதோடு அந்தச் சட்டத்தின் அகலம், கதவு எவ்வளவு விரியத் திறக்கிறது, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பெரிய வண்டி தாழ்ந்த பிறகும் அதன் சட்டத்தின் அகலம் குறையவில்லை. கணவர் பார்த்திருந்த ஹைபிரிட் அளவில் சற்றுச் சிறியது. அதில் பாட்டி யார் கையையும் பிடிக்காமல் உட்கார்ந்துவிட்டார். டேப்பால் இருக்கை உயரத்தை அளந்து குறித்துக்கொண்டோம். அதற்குப் பிறகு பார்த்த எல்லா வண்டிகளுக்கும் முதல் சோதனை அந்த டேப்தான்.

அடுத்து, சாலையின் அதிர்வு. மேலும் கீழுமான அதிர்வில் மனித உடல் மிக நுணுக்கமாக உணர்வது விநாடிக்கு 4 முதல் 8 முறை ஆடும் அசைவைத்தான். சஸ்பென்ஷனும் டயரும் இருக்கை நுரையும் சேர்ந்து அந்த வரம்பில் வரும் ஆட்டத்தை எவ்வளவு விழுங்குகின்றன என்பதுதான் நாம் சொல்லும் சொகுசு. இதில் டயரின் பங்கைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். 235/60 ஆர்18 டயரின் (அகலம் 235 மில்லிமீட்டர், அதில் 60 சதவீதம் பக்கச்சுவர், 18 அங்குலச் சக்கரம்) பக்கச்சுவர் உயரம் 141 மில்லிமீட்டர். 255/40 ஆர்21 டயருக்கு அது 102 மில்லிமீட்டர்தான். வெளி விட்டம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. அதாவது 21 அங்குலச் சக்கரம் போட்டால் வண்டி உயர்வதில்லை. ரப்பரும் காற்றும் இருந்த இடத்தில் நான்கு சென்டிமீட்டருக்கு உலோகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பள்ளத்தில் விழுந்தால் ரிம் வளைவதும் பக்கச்சுவர் புடைப்பதும் அதனால்தான். பாதி சொகுசை அலங்காரச் சக்கரத்தால் இழந்துவிட்டு, அதை மீட்க ஏர் சஸ்பென்ஷன் போட்டுத் தருகிறார்கள் என்பது என் கொஞ்சம் கசப்பான கருத்து.

இதைக் கேட்ட பிறகு கணவர் ஒரு காரியம் செய்தார். ஹைபிரிட்டின் டாப் வேரியன்ட்டை ஓட்டிப் பார்த்திருந்தவர், 18 அங்குலச் சக்கரம் கொண்ட நடு வேரியன்ட்டைக் கேட்டு வாங்கி, அதே மோசமான சாலையில் ஓட்டினார். பின் இருக்கையில் இருந்த பிள்ளைகள்தான் முதலில் கவனித்தார்கள், இது தூக்கிப் போடவில்லை என்று.

தோற்றம்

தோற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வண்டியின் வடிவம் பழுதாவதில்லை. அழகான வண்டி வாங்குவதால் நம்பகம் குறையாது. பழுதாவது, அழகு என்ற பெயரில் ஏற்றி வைக்கும் பொருட்கள்தான். கண்ணாடிக் கூரையின் வடிகால் குழாயில் தூசி அடைத்தால் மழைநீர் உள்கூரை வழியாக இறங்கும். கீழே மின்னணுப் பெட்டி இருந்தால் செலவு பெருகும். முகப்பு விளக்கில் ஒரு சிறு எல்இடி போனால் பல வண்டிகளில் முழு விளக்கையும் மாற்ற வேண்டும். பளபளக்கும் கறுப்பு பிளாஸ்டிக் ஒரே மாதத்தில் கைரேகைக் காட்சிசாலை ஆகிவிடும். அது பழுது இல்லை, எரிச்சல் மட்டும்.

மனைவியிடம் ஐரோப்பிய வண்டியில் பிடித்தவற்றை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். அமைதி, முன் இருக்கையில் தொடைக்குக் கிடைக்கும் தாங்கல், கதவு மூடும் சத்தம், உட்புறத்தின் நிறமும் துணியும், முகப்பு. மசாஜை எழுதவில்லை. கூரையையும் எழுதவில்லை. 21 அங்குலச் சக்கரத்தை எழுதி, பிறகு அவரே அடித்துவிட்டார். அந்தத் தாளில் மிஞ்சியவற்றில் கெட்டுப்போகும் பொருள் ஒன்றுகூட இல்லை.

மூன்றாவது வண்டி

அந்தத் தாள் கையில் வந்தபின் தேடல் மாறியது. ஹைபிரிட்டின் அதே இன்ஜின், அதே மோட்டார்கள், அதே அடித்தளம். ஆனால் தடித்த கண்ணாடி, நல்ல இருக்கை, கூடுதல் ஒலித்தடுப்பு. பல பெரிய நிறுவனங்களில் இப்படி ஒரு சொகுசு உறவுக்கார வண்டி உண்டு. டொயோட்டா ஆர்ஏவி4 ஹைபிரிட்டும் 2021இல் வந்த லெக்சஸ் என்எக்ஸ் 350எச்சும் ஒரே அடித்தளம், ஒரே 2.5 லிட்டர் இன்ஜின் குடும்பம் என்பது இதற்குத் தெரிந்த உதாரணம். புதிதாக வாங்க அந்த வகை வண்டி இவர்கள் பட்ஜெட்டைத் தாண்டியது. மூன்று ஆண்டு ஓடிய, முழு சர்வீஸ் பதிவு உள்ள, எஃகு ஸ்பிரிங்கும் 18 அங்குலச் சக்கரமும் கொண்ட கீழ் வேரியன்ட் கிடைத்தது. டாப் வேரியன்ட்தான் நல்லது என்று பிடிவாதம் பிடிக்கும் சந்தையில் கீழ் வேரியன்ட்டுக்குப் போட்டி குறைவு. அது இவர்களுக்கு நல்லதாகப் போயிற்று.

இழந்ததையும் சொல்ல வேண்டும். பின்னால் சாமான் இடம் மலிவான உறவுக்காரனைவிடக் குறைவு. பின் இருக்கையில் பிள்ளைகளின் முழங்கால் முன் இருக்கையைத் தொடுகிறது. பாட்டி முன்னால் உட்காருவதால் மனைவி பல பயணங்களில் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்து வருகிறார். பிடித்த முன் இருக்கை ஓட்டும்போது மட்டும்தான் கிடைக்கிறது. மேட்டில் இன்ஜின் இரைவது இன்னும் இருக்கிறது, தூரத்தில் கேட்கிறது, அவ்வளவுதான்.

இரண்டு ஆண்டுகளில் வண்டி ஒரே ஒருமுறை கிளம்ப மறுத்தது, அதுவும் வீட்டு வாசலிலேயே. மூன்று வாரம் எடுக்காமல் விட்டதில் 12 வோல்ட் துணை பேட்டரி இறங்கிவிட்டது. ஹைபிரிட்டின் பெரிய பேட்டரி நிறைந்தே இருந்தாலும், கணினிகளை எழுப்புவது இந்தச் சின்ன பேட்டரிதான். அது இறந்தால் வண்டி அசையாது. ஒரு சிறிய ஜம்ப் ஸ்டார்ட்டர் வாங்கி வைத்துக்கொண்டார்கள். “நம்பகமான வண்டிங்க” என்று மனைவி ஒரு வாரம் சொல்லிக்காட்டினாராம்.

மனைவியின் தம்பி அந்த ஐரோப்பிய வண்டியையே எடுத்திருக்கிறார், ஏர் சஸ்பென்ஷனும் 21 அங்குலச் சக்கரமும் கொண்ட அதே டாப் வேரியன்ட். மூன்று ஆண்டு லீஸ், முழு வாரண்டி, வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் சர்வீஸ் சென்டர். என்னிடம் கேட்டபோது தாராளமாக எடு என்றுதான் சொன்னேன். அவர் கணக்கில் ரப்பர் பைகளுக்கு வயதாகும்போது வண்டி வேறொருவரிடம் இருக்கும். அந்த வேறொருவர் வாங்கும் முன் என்னிடம் வந்தால் நான் கொடுக்கும் முதல் வேலை இதுதான்: வண்டியைச் சமதரையில் ஒரு இரவு நிறுத்தி வைத்து, காலையில் இன்ஜினைக் கிளப்பும் முன்பே நான்கு மூலைகளின் உயரத்தையும் டேப்பால் அளந்துவிட்டு வாருங்கள்.